ஜஸ்ட் இன்டோனேஷன் இடைவெளிகளை எதில் எழுதுவது? என் ஓட்டு எஃப்.ஜே.எஸ்-க்கு

ஜஸ்ட் இன்டோனேஷனில் (சுரங்களின் அதிர்வெண்களை முழு எண் விகிதங்களில் வைக்கும் சுருதி முறை, சுருக்கமாக ஜே.ஐ) கொஞ்ச நாள் புழங்கியவர்கள் எல்லோருக்கும் இந்தக் கேள்வி வரும்: கண்டுபிடித்த இடைவெளிகளை, அதாவது இரண்டு சுரங்களுக்கு இடையிலான தூரங்களை, எதில் எழுதி வைப்பது? வெறும் விகிதமாகவா, சென்ட் கணக்காகவா, ஸ்டாஃபில் (ஐந்து கோட்டு இசைத்தாளில்) புதுப்புது ஷார்ப் ஃபிளாட் அடையாளங்களாகவா? இருக்கும் முறைகளில் பலவற்றை எடுத்துப் பார்த்துவிட்டு நான் ஃபங்ஷனல் ஜஸ்ட் சிஸ்டம், சுருக்கமாக எஃப்.ஜே.எஸ், என்பதில் வந்து நின்றிருக்கிறேன். ஆகவே இது நடுநிலையான அலசல் இல்லை. மற்றவற்றுக்கும் உரிய நியாயத்தைச் செய்யப் பார்க்கிறேன், ஆனால் தராசு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எழுத்து வசதிக்காக ஒரு ஏற்பாடு. மேஜர் என்பதை ‘மே’ என்றும், மைனரை ‘மை’ என்றும், பெர்ஃபெக்ட்டை ‘பெ’ என்றும், ஆக்மென்டடை ‘ஆ’ என்றும், டிமினிஷ்டை ‘டிமி’ என்றும் எழுதுகிறேன். மே3 என்றால் மேஜர் மூன்றாம் இடைவெளி, பெ5 என்றால் பஞ்சமம்.

விகிதங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 3/2, 5/4, 7/4 என்று எழுதினால் அதைவிடத் துல்லியமாக வேறு எதுவும் இல்லை. அமெரிக்க இசையமைப்பாளர் ஹாரி பார்ட்ச் தன் 43 சுர ஸ்கேலையே விகிதங்களால்தான் பெயரிட்டு நடத்தினார். சின்ன எண்களாக இருக்கும்வரை இது சுகமான முறை. 45/32, 64/45, 75/64 என்று வளர ஆரம்பித்ததும்தான் சிக்கல். இது நான்காவதா ஐந்தாவதா, மேஜர் பக்கமா மைனர் பக்கமா என்பது எண்ணைப் பார்த்ததும் பிடிபடாது. ஒவ்வொரு முறையும் மனதில் வகுத்துப் பார்க்க வேண்டும். இசைக்காரருக்கு இடைவெளி என்பது முதலில் ஒரு படிக்கணக்கு, அப்புறம்தான் அதிர்வெண் விகிதம். விகிதம் இரண்டாவதை மட்டும் சொல்லிவிட்டு முதலாவதை நம் தலையில் விட்டுவிடுகிறது.

சென்ட் கணக்கு, 19-ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டர் எல்லிஸ் தந்தது, இதற்கு நேர் எதிர். ஆக்டேவை 1200 பங்காகப் போடுவதால் எது பெரியது எது சிறியது என்பது உடனே தெரிகிறது. டியூனர் மீட்டரைப் பார்த்துக்கொண்டு வாசிப்பவருக்கு இதைவிட உதவியானது இல்லை. ஆனால் 386 என்று எழுதி வைத்தால் அது எங்கிருந்து வந்தது என்பது போய்விடும். 5/4 என்பது 386.31 சென்ட். பஞ்சமங்களை மட்டுமே அடுக்கி வரும் 8192/6561 என்பது 384.36 சென்ட். காதுக்கு ஏறக்குறைய ஒன்றே. பிறப்பு முற்றிலும் வேறு. சென்ட்டை நான் அடிக்குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்கிறேன். அதைத் தனி நோட்டேஷனாக நினைப்பதில்லை.

உண்மையான போட்டி ஸ்டாஃபில் எழுதும் முறைகளுக்கும் எஃப்.ஜே.எஸ்-க்கும் இடையில்தான். அமெரிக்க இசையமைப்பாளர் பென் ஜான்ஸ்டனின் முறையிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முடிவைத் தீர்மானித்த விஷயம் அங்கேதான் தெளிவாகத் தெரிகிறது.

ஜான்ஸ்டன் (1926–2019) பார்ட்சிடம் பழகியவர். அவருடைய யோசனை பார்வைக்கு அழகானது. எந்த அடையாளமும் இல்லாத சி முதல் பி வரையிலான ஏழு எழுத்துகளும் தூய மேஜர் ஸ்கேல். அதாவது சி 1/1, டி 9/8, இ 5/4, எஃப் 4/3, ஜி 3/2, ஏ 5/3, பி 15/8. எஃப்–ஏ–சி, சி–இ–ஜி, ஜி–பி–டி என்ற மூன்று மேஜர் கார்டுகளும் 4:5:6 விகிதத்தில் தூயதாக அமையும், ஒரு கூடுதல் குறிகூட வேண்டாம். ஷார்ப் என்றால் 25/24 ஏற்றம். பிளஸ் என்றால் 81/80, அதாவது 21.5 சென்ட் காமா (நெருங்கிய இரண்டு சுருதிகளுக்கு இடையிலான நுண் இடைவெளி) ஏற்றம், மைனஸ் என்றால் அதே அளவு இறக்கம். 7 என்று போட்டால் 36/35 இறக்கம், மேல் அம்பு 33/32 ஏற்றம், 13 என்றால் 65/64 ஏற்றம். சி மேஜரில், மேஜர் மைனர் கார்டுகளோடு நிற்கும் இசைக்கு இந்த ஏடு மிகச் சுத்தமாக இருக்கும். வாசிக்க முடியாது என்ற குறையும் நிற்காது. கெப்ளர் குவார்டெட் அவருடைய பத்து ஸ்டிரிங் குவார்டெட்களையும் வாசித்துப் பதிவு செய்திருக்கிறது.

சிக்கல் டி–ஏ இடைவெளியில் இருக்கிறது. எழுத்தில் பார்த்தால் பஞ்சமம். கணக்கில் 5/3-ஐ 9/8-ஆல் வகுத்தால் 40/27, அதாவது 680 சென்ட். தூய பஞ்சமம் 702. சி-யை 264 ஹெர்ட்ஸ் என்று வைத்தால் டி 297, ஏ 440. டி-யின் மூன்றாவது ஹார்மோனிக் 891, ஏ-யின் இரண்டாவது 880. நொடிக்கு 11 அலை அதிரும். எவர் காதிலும் அது சுருதி விலகல்தான். ஆகவே டி-க்கு மேல் தூய பஞ்சமம் வேண்டுமென்றால் ‘ஏ பிளஸ்’ என்று எழுத வேண்டும். சி, ஜி, டி வரை சாதாரணமாகப் போகும் பஞ்சமச் சங்கிலி அதற்கு மேல் ஏ பிளஸ், இ பிளஸ், பி பிளஸ், எஃப் ஷார்ப் பிளஸ் பிளஸ் என்று போகும். சி–ஜி பஞ்சமம், ஏ–இ பஞ்சமம், டி–ஏ மட்டும் பஞ்சமம் இல்லை, பி–எஃப் ஷார்ப்பும் இல்லை. எந்த இரண்டு எழுத்துகளுக்கு இடையில் என்ன இடைவெளி என்பதை ஒரு அட்டவணையாக மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியதாகிறது.

இதைப் பழகிக்கொள்ளலாம், பழகியவர்கள் இருக்கிறார்கள். என் பிரச்சினை பழக்கம் இல்லை, கூட்டல் கணக்கு. ஜே.ஐ-யில் நான் செய்யும் வேலையில் பாதிக்கு மேல் இடைவெளிகளைக் கூட்டுவதும் கழிப்பதும்தான். இந்தக் கார்டிலிருந்து அந்தக் கார்டுக்குப் போனால் எந்தச் சுரம் எவ்வளவு நகர்கிறது, இந்த மெட்டை வேறொரு சுரத்திலிருந்து ஆரம்பித்தால் என்ன ஆகும், நாலு கார்டு சுற்றி வந்தால் ஆரம்பித்த இடத்துக்கே வருவோமா என்ற மாதிரிக் கேள்விகள். இவற்றுக்குக் குறியீடு தானாகவே பதில் சொல்ல வேண்டும். ஓர் இடைவெளிக்கு ஒரே பெயர் இருக்க வேண்டும், அதை எந்தச் சுரத்தின் மேல் வைத்தாலும் அதே மாதிரி எழுத வர வேண்டும். ஜான்ஸ்டன் முறை தவறுவது இந்த ஒரே இடத்தில்தான். என் வேலைக்கு அந்த ஒன்றே போதுமானதாக இருந்தது.

எஃப்.ஜே.எஸ் இதை எப்படிச் செய்கிறது என்று பார்ப்போம். அடையாளம் இல்லாத எழுத்துகள் அனைத்தும் தூய பஞ்சமச் சங்கிலியில், அதாவது பித்தாகரஸ் முறையில் இருக்கும். மே3 என்றால் 81/64, மை3 என்றால் 32/27, மே2 என்றால் 9/8. இவற்றில் பகா எண்கள் 2, 3 மட்டும்தான். 5 அல்லது அதற்கு மேற்பட்ட பகா எண் விகிதத்தின் மேல்பகுதியில் இருந்தால் அதை மேற்குறியாகவும், கீழ்ப்பகுதியில் இருந்தால் கீழ்க்குறியாகவும் எழுதிவிட வேண்டியதுதான். 5/4 என்பது மே3⁵. 6/5 என்பது மை3₅. 7/4 என்பது மை7⁷. 9/7 என்பது மே3₇. 11/8 என்பது பெ4¹¹. ஆக்டேவ் கூடினால் வழக்கம் போல ஏழு கூடும்: 5/2 என்பது மே10⁵.

இனி கூட்டிப் பாருங்கள். மே3⁵ + மை3₅: மேஜர் மூன்றும் மைனர் மூன்றும் சேர்ந்தால் பஞ்சமம் என்பது இசை படித்த எவருக்கும் தெரியும். மேலே ஒரு 5, கீழே ஒரு 5, இரண்டும் அடிபடும். விடை பெ5. இரண்டு மே3⁵ சேர்ந்தால் ஆ5²⁵, அதாவது 25/16. 7/4-லிருந்து 5/4-ஐக் கழித்தால் மை7⁷ − மே3⁵ = டிமி5⁷₅, அதாவது 7/5. விகிதத்தைப் பெருக்கவும் வேண்டாம், சென்ட்டைக் கூட்டவும் வேண்டாம். பள்ளியில் படித்த இடைவெளிக் கூட்டலும், பகா எண்களை அடிப்பதும் மட்டும் போதும். 81/80 காமாவின் பெயர்கூட இதே வழியில் வந்துவிடுகிறது: மே3-லிருந்து மே3⁵-ஐக் கழித்தால் பெ1₅. படிக்கணக்கில் நகராத, ஆனால் ஒரு 5 மிச்சமிருக்கும் இடைவெளி. காமா என்றால் என்ன என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் பார்த்ததில்லை.

ஒரு முழு உதாரணம். சி மேஜர், ஏ மைனர், டி மைனர், ஜி மேஜர், மறுபடி சி மேஜர். ஒவ்வொரு கார்டையும் தூயதாக வைத்து, அடுத்தடுத்த கார்டுகளுக்குப் பொதுவான சுரத்தை அசைக்காமல் பிடித்துக்கொண்டு போனால் கடைசியில் வரும் சி ஆரம்பித்த சி-யைவிட 21.5 சென்ட் கீழே விழுந்திருக்கும். எல்லோருக்கும் தெரிந்த காமா சறுக்கல்தான். ஜான்ஸ்டன் முறையில் கார்டுகளின் வேர்களை (அடிச் சுரங்களை) எழுதினால் சி, ஏ, டி மைனஸ், ஜி மைனஸ், சி மைனஸ் என்று வரும். எஃப்.ஜே.எஸ்-இல் சி, ஏ⁵, டி⁵, ஜி⁵, சி⁵. இரண்டுமே சறுக்கலைக் காட்டுகின்றன, விடையும் ஒன்றே. ஆனால் எங்கே காட்டுகின்றன என்று பாருங்கள். பகா எண் 5 உள்ளே நுழைவது சி-யிலிருந்து ஏ-க்குப் போகும் அந்தப் படியில். அதற்குப் பின்னால் நடப்பதெல்லாம் வெறும் பஞ்சமமும் நான்காமும்தான், புதிதாக எதுவும் சேரவில்லை. எஃப்.ஜே.எஸ் சரியாக அந்த ஏ-யின் தலையில் 5-ஐ வைக்கிறது, அப்புறம் கடைசிவரை அது அப்படியே கூட வருகிறது. ஜான்ஸ்டன் முறையில் ஏ சத்தமில்லாமல் நுழைந்துவிடுகிறது. தூய பஞ்சமமாக நகரும் ஏ–டி இடத்தில்தான் மைனஸ் முளைக்கிறது. அதைப் படிப்பவர் சறுக்கல் டி-யில் நடந்ததாக நினைத்துக்கொள்வார். ஏட்டைப் பார்த்து வாசிப்பதற்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஏட்டைப் பார்த்து யோசிப்பதற்கு இதுதான் எல்லாமே.

சரி, இந்தக் கூட்டல் ஒழுங்கு எஃப்.ஜே.எஸ்-க்கு மட்டும் சொந்தமா என்றால், இல்லை. மார்க் சபாட்டும் வுல்ஃப்காங் ஃபான் ஷ்வைனிட்ஸும் உருவாக்கிய விரிவுபடுத்திய ஹெல்ம்ஹோல்ட்ஸ்–எல்லிஸ் முறையும் (எச்.ஈ.ஜே.ஐ என்பார்கள்) பித்தாகரஸ் அடித்தளத்தில்தான் நிற்கிறது. அங்கேயும் டி–ஏ தூய பஞ்சமம். காமாவுக்கு ஷார்ப், ஃபிளாட், நேச்சுரல் குறிகளிலேயே அம்பு ஒட்டியிருக்கும். 7-க்கு 64/63 அளவில் நகர்த்தும் கொக்கி போன்ற ஒரு குறி. 11-க்கு 33/32. 2020-இல் சபாட்டும் தாமஸ் நிக்கல்சனும் இதைத் திருத்தி வெளியிட்டார்கள். ஸ்டாஃபில் எழுதி ஒருவர் கையில் கொடுப்பதற்கு எதைத் தேர்ந்தெடுப்பாய் என்று கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். அம்பு கீழே பார்த்தால் சுரம் கீழே போகும். வாசிப்பவருக்கு அந்த ஒரு தகவல் பொன்னானது.

அந்த விஷயத்தில் எஃப்.ஜே.எஸ் நன்றாகவே சறுக்குகிறது. மேற்குறி என்றால் சுரம் மேலே போகும் என்று புதியவர்கள் எல்லோரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. ⁵ என்றால் 21.5 சென்ட் இறங்கும், ⁷ என்றால் 27.3 சென்ட் இறங்கும், ¹¹ என்றால் 53.3 சென்ட் ஏறும், ¹³ என்றால் 48.3 சென்ட் ஏறும். மேற்குறி சொல்வது பகா எண் விகிதத்தில் எங்கே நிற்கிறது என்பதை மட்டும், திசையை அல்ல. இந்த நான்கு எண்களும் மனதில் பதியும்வரை தடுமாற்றம்தான். வாசிப்பவர் முன்னால் எஃப்.ஜே.எஸ் குறிகளோடு ஒரு ஏட்டை வைத்து எடுத்த எடுப்பில் வாசிக்கச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை, செய்து பார்த்ததும் இல்லை. எனக்கு இது ஆய்வு மேஜைக் கருவி.

மேஜையில் எச்.ஈ.ஜே.ஐ-யைவிட இதைத் தேர்ந்தெடுக்க இரண்டு காரணங்கள். ஒன்று அற்பமானது போலத் தோன்றும்: கீபோர்டிலேயே தட்டச்சு செய்யலாம். மேற்குறி வராத இடத்தில் மே3^5, மை3_5 என்று எழுதினால் போதும். தேடலாம், வரிசைப்படுத்தலாம், மின்னஞ்சலில் அனுப்பலாம், ஒரு சின்ன நிரலுக்குக் கொடுத்துக் கூட்டச் சொல்லலாம். எச்.ஈ.ஜே.ஐ-க்குத் தனி எழுத்துரு வேண்டும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும்.

இரண்டாவது காரணம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு புதிய பகா எண் வந்தால் அது எந்த எழுத்தின் கீழ் வரும் என்பதை எஃப்.ஜே.எஸ்-இல் யாரையும் கேட்க வேண்டியதில்லை, விதி இருக்கிறது. அந்தப் பகா எண்ணின் சுரத்தை ஓர் ஆக்டேவுக்குள் கொண்டுவாருங்கள். பஞ்சமச் சங்கிலியில் 0, ஒன்று மேலே, ஒன்று கீழே, இரண்டு மேலே, இரண்டு கீழே என்று வரிசையாகத் தேடுங்கள். 65/63 அளவுக்குள், அதாவது சுமார் 54 சென்ட்டுக்குள் முதலில் எது அகப்படுகிறதோ அதுதான் அதன் வீடு. 5-க்கு நான்கு பஞ்சமம் மேலே போனதும் மே3 கிடைக்கும். 7-க்கு இரண்டு பஞ்சமம் கீழே, மை7. 11-க்கு ஒன்று கீழே, பெ4. இங்கே வித்தியாசம் 53.3 சென்ட், மயிரிழையில் உள்ளே வந்துவிடுகிறது.

13-இல்தான் சுவாரசியம். 13/8 என்பது 840.5 சென்ட். மூன்று பஞ்சமம் மேலே போனால் மே6 கிடைக்கும், 905.9 சென்ட். வித்தியாசம் 65 சென்ட், எல்லைக்கு வெளியே. விதி அதைத் தள்ளிவிட்டு மேலும் தேடி, நான்கு பஞ்சமம் கீழே இருக்கும் மை6-இல் போய் நிற்கிறது. அது 792.2, வித்தியாசம் 48.3. ஆகவே 13/8 என்பது மை6¹³. எச்.ஈ.ஜே.ஐ இதே சுரத்தை மேஜர் ஆறாமாக வைத்து 27/26 இறக்குகிறது. சி-யிலிருந்து பார்த்தால் அங்கே அது தாழ்ந்த ஏ, இங்கே உயர்ந்த ஏ ஃபிளாட். ஜான்ஸ்டனும் ஏ ஃபிளாட் பக்கம்தான்: அவருடைய ஏ ஃபிளாட் 8/5, அதை 65/64 ஏற்றினால் 13/8. இதில் யார் சரி என்று சண்டை போட எதுவும் இல்லை. 840 சென்ட் இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

நடுவில் இருக்கும் இடைவெளிகளைப் பற்றி ஒரு குறையும் சொல்ல வேண்டும். 11/9 என்பது 347.4 சென்ட், மேஜரும் இல்லை மைனரும் இல்லை. எஃப்.ஜே.எஸ் அதை மை3¹¹ என்கிறது. 27/22 என்பது 354.5 சென்ட், அது மே3₁₁. வெறும் 7 சென்ட் தள்ளியிருக்கும் இரண்டில் ஒன்றை மைனர் என்றும் மற்றதை மேஜர் என்றும் கூப்பிடுவது காதுக்கு அபத்தம். கூட்டல் கணக்கு ஒழுங்காக இருப்பதற்குக் கொடுக்கும் விலை அது. 11-ஐ மையமாக வைத்து எழுதுபவருக்கு இந்த விலை அதிகமாகப் படலாம். என் வேலை பெரும்பாலும் 5, 7-ஓடு நின்றுவிடுவதால் எனக்கு உறுத்தவில்லை. 13-க்கு மேல் என் புழக்கம் குறைவு என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

சஜிட்டல் முறையைச் சொல்லாமல் விட்டால் அதன் அன்பர்கள் சும்மா விடமாட்டார்கள். ஜார்ஜ் செக்கரும் டேவ் கீனனும் சேர்ந்து உருவாக்கியது. அம்பின் இரு பக்கமும் வளைந்தும் நேராகவும் ஒட்டும் சிறகுகள், ஒவ்வொரு சிறகுக்கும் ஒரு காமா. அதுவும் பஞ்சமச் சங்கிலியில்தான் நிற்கிறது. ஜே.ஐ மட்டுமல்லாமல் பலவகைச் சம டெம்பரமென்ட்களையும் (ஆக்டேவைச் சம பங்குகளாகப் பிரிக்கும் முறைகளையும்) அதே குறிகளால் எழுத முடிவது அதன் பெரிய பலம், மற்ற எதிலும் அந்த வீச்சு இல்லை. இரண்டு உலகத்துக்கும் நடுவில் போய்வருபவர் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். துல்லியத்தை எந்த அளவுக்கு வைத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரே குறி நெருங்கிய பல விகிதங்களுக்கு நிற்கலாம். குறியைப் பார்த்து விகிதத்தைத் திருப்பி எடுக்க நினைக்கும் எனக்கு அது ஒத்துவரவில்லை. சஜிட்டலில் முழுதாக ஒரு படைப்பை எழுதிப் பார்த்தவன் அல்ல நான். எனவே இதற்கு மேல் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை.

நடைமுறையில் நான் வைத்திருக்கும் ஏற்பாடு இதுதான். யோசிப்பது, கூட்டுவது, குறித்து வைப்பது எல்லாம் எஃப்.ஜே.எஸ்-இல். வாசிக்கக் கொடுக்கும்போது எச்.ஈ.ஜே.ஐ, பக்கத்தில் சென்ட் எண். இரண்டும் பஞ்சமச் சங்கிலியையே நம்பியிருப்பதால் 5, 7, 11 வரை மாற்றுவது எழுத்துப்பெயர்ப்பு மாதிரிதான். எழுத்து அப்படியே நிற்கும், ⁵ இருந்த இடத்தில் கீழ் அம்பு, ⁷ இருந்த இடத்தில் கொக்கி. 13 வந்தால் மட்டும் எழுத்தே மாறிவிடும், ஏ ஃபிளாட் ஏ ஆகிவிடும். அதற்கு மேற்பட்ட பகா எண்களையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தே மாற்ற வேண்டும். அந்த மாதிரிச் சுரங்களின் அடியில் விகிதத்தையும் எழுதிவிடுகிறேன். 13/8 என்று போட்டுவிட்டால் அது ஏ-யா ஏ ஃபிளாட்டா என்ற கேள்வி எழுவதில்லை.